வரப்பை அளந்துட்டு வா, மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. கையில இன்னா அது, டிராக்டர் படம் போட்ட புத்தகமா? நாலு கம்பெனி இருக்கும் போலருக்கே. செவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு, பச்சை ஒண்ணு. பொண்ணு பாக்கறப்போகூட நீ ஒரே ஒரு போட்டோதான் பாத்த. இதுல இம்மாம் அக்கறை.

ஒரகடத்துல ஷிப்டு முடிச்சிட்டு, பஸ்ஸ விட்டு எறங்கி, நேரா மாமன் திண்ணைக்கு வந்திருக்க. அப்போ முடிவு எடுத்துட்டேன்னு அர்த்தம். யோசனை கேக்க வர்றவன் வீட்டுக்குப் போய் காப்பி குடிச்சிட்டு மெதுவா வருவான். முடிவெடுத்துட்டு ஆசீர்வாதம் வாங்க வர்றவன்தான் இப்படி வேர்க்க விறுவிறுக்க வருவான். சரி, சொல்லு. எத்தினி எச்.பி.?

நாப்பத்தஞ்சா!

நிலம் எவ்ளோ? எனக்குத் தெரியும், இருந்தாலும் உன் வாயால கேக்கணும். நஞ்சை ஒண்ணே கால்ல அஞ்சு சென்ட் கம்மி. புஞ்சை எம்பது சென்ட். தென்னை நிக்கற கொல்லை நாப்பது சென்ட். ஆகமொத்தம் ரெண்டு ஏக்கர் நாப்பது சென்ட். குறைச்சலா நினைக்காத. 2015-16 வேளாண் கணக்கெடுப்புல தமிழ்நாட்டு விவசாயியோட சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான். ரெண்டு ஏக்கருக்கு உள்ளதான் வருது. அந்தக் கணக்குல நீ மிராசுதாரன்.

உத்திரமேரூர் பக்கம் போனா அந்த வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு பாரு, 919லயும் 921லயும் வெட்டினது. குடவோலைக்கு யார் பேரை எழுதிப் போடலாம்னு அதுல சட்டம் சொல்லியிருக்கான். வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல வேணும். சொந்த மனையில வீடு வேணும். வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குள்ள. கால் வேலின்னா இன்னிக்கு ஒண்ணரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. நிலத்துல நீ தேறிட்ட. வயசுலதான் ரெண்டு வருஷம் பத்தல. ஆனா அதே கல்வெட்டுல இன்னொண்ணும் இருக்கு: வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. நீ கணக்கு காட்டாம டிராக்டர் வாங்கினா மாமன் நானும் சேந்து மாட்டிக்குவேன். அதுக்கோசரம்தான் இவ்ளோ கேக்கறேன்.

எல்லாரும் நாப்பத்தஞ்சு வாங்கறாங்கன்னு சொல்ற. மெய்தான். இந்தியாவுல விக்கிற டிராக்டர்ல பாதிக்கு மேல 41லேருந்து 50 எச்.பி.க்குள்ளதான். ஆனா அவன் இன்னாத்துக்கு வாங்கறான்? சொந்த நிலத்த உழறதுக்கு இல்ல மாப்ளே. ஊரு நிலத்த எல்லாம் வாடகைக்கு உழறதுக்கும், டிரெய்லர்ல லோடு அடிக்கறதுக்கும் வாங்கறான். அவனுக்கு அது பொழப்பு. உனக்கு அது ஞாயித்துக்கிழமை. வாடகைக்கு ஓட்டறவன் விடிகாலை நாலு மணிக்கு சேடை உழவுக்கு சேத்துல எறங்கணும், ராத்திரி பத்து மணிக்கு ஆக்ஸில்ல சுத்தின வைக்கோலப் பிரிக்கணும், வாரக் கடைசியில கடன் சொன்னவன் வீட்டுத் திண்ணையில போய் உக்காரணும். நீ செய்வியா? உனக்கு ஒரு நாள் நைட் ஷிப்டு வந்தாலே மூணு நாள் மூஞ்சி தொங்குது.

சரி. இப்போ நான் ஒரு கேள்வி கேக்கறேன். ரோட்ட விட்டு எறங்கி உன் நஞ்சைக்கு எப்படிப் போவ?

பாத்தியா, முழிக்கிற. புத்தகத்துல நாலு கம்பெனி எச்.பி.யும் மனப்பாடம், ஆனா பங்காளி வரப்பு அகலம் தெரியல. பள்ளத்துல உங்கப்பன் பங்கு உள்ளே மாட்டிக்கினு இருக்கு. முன்னால பெரியவன் நிலம், பக்கத்துல சின்னவன் நிலம். உங்க தாத்தா காலத்துல வண்டிப் பாதை இருந்துது. ஒவ்வொரு வருஷமும் அண்டை வெட்டறப்ப ஆளுக்கு ஒரு மம்மட்டி மண்ணு எடுத்து எடுத்து, இப்போ அதுல ஆடு எதிர்ல வந்தா நாம எறங்கி வழி விடணும். நாப்பது எச்.பி. வண்டி அஞ்சரை, ஆறு அடி அகலம். சேத்துக்கு கேஜ் வீல் மாட்டினா அது இன்னும் ரெண்டு பக்கமும் நீட்டும். பங்காளி நாத்து நட்டுட்டான்னா உன் நாப்பத்தஞ்சு எச்.பி. ரோட்டோரம் நின்னு அவன் நாத்து வளர்றதப் பாத்துக்கினு இருக்கும். அதனால டிராக்டரோட அளவு உன் நிலத்துல இல்ல, உன் பர்ஸ்லயும் இல்ல. பங்காளி வரப்புலதான் இருக்கு.

சின்ன டிராக்டர்னு ஒண்ணு வந்ததே இதுக்குத்தான். மஹிந்திராவுல யுவராஜ் 215ன்னு ஒரு பொடிசு இருக்கு. 15 எச்.பி., ஒத்தை சிலிண்டர், அகலம் ஏறக்குறைய மூணடி. ஸ்வராஜ்ல 717, அதுவும் 15தான். மஹிந்திராவுலயே ஜிவோ 245ன்னு ஃபோர் வீல் டிரைவ், 24 எச்.பி. குபோட்டாவுல நியோஸ்டார்னு 21, 24, 27ன்னு வரிசை. பெங்களூர் வி.எஸ்.டி. பவர் டில்லர்லயே பேர் எடுத்தவன், அவனும் சின்ன டிராக்டர் போடறான். இந்தக் கூட்டம் எல்லாம் மூணடியிலேருந்து நாலடி, கொஞ்சம் மேல போகும், அவ்ளோதான். மாமரத்துக்கு நடுவுல, தென்னைக்கு நடுவுல, கரும்புப் பாருக்கு நடுவுல பூந்து வரும்.

திரும்பறதையும் பாரு. பத்து சென்ட் செய்யின்னா 66 அடிக்கு 66 அடி. உன் நஞ்சை பூராவும் அந்த மாதிரி துண்டுதான். பெரிய வண்டி, பின்னால ரோட்டவேட்டர், மொத்தம் ஒரு பதினஞ்சு அடி நீளம். ரெண்டு கோடியிலயும் திரும்ப இடம் விட்டா நடுவுல உழறதுக்கு மிச்சம் இன்னா இருக்கு? நாலு மூலையும் மம்மட்டிக்குத்தான். டிராக்டர் வாங்கிட்டு மம்மட்டி ஆளையும் கூப்பிட்டா அந்த ஆளு சிரிப்பான். கூலியும் கூட கேப்பான்.

இப்போ புத்தகத்த மூடு. டிராக்டரப் பாக்காத. வேலையப் பாரு. வேலைக்கு இன்னா கருவின்னு பாரு. கருவிக்கு எத்தினி எச்.பி.ன்னு பாரு. டிராக்டர் கடைசியில வரும். எல்லாரும் இதத் தலைகீழா செய்யறான். வண்டிய வாங்கி மாலை போட்டு, நம்ம ஊரு விஜயராகவப் பெருமாள் கோயில் வாசல்ல எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு, அப்பால, "மாமா, பின்னால இன்னா மாட்டறது?"ன்னு கேக்கறான்.

நஞ்சையில உனக்கு இன்னா வேலை? புழுதி உழவு, சேடை, பரம்படிக்கறது. அறுக்கறதுக்கு பெல்ட்டு மெஷின் வாடகைக்கு வருது, உன் டிராக்டருக்கு அதுல பாத்தியம் இல்ல. ஏரியில தண்ணி இருந்தா சொர்ணவாரி ஒண்ணு, சம்பா ஒண்ணு. நவரையும் வெப்பேன்னு சொல்லாத, மோட்டார் கேக்கும். ஆக நெல்லுக்கு வருஷத்துல ரெண்டு தடவை, தடவைக்கு நாலஞ்சு நாள். மிச்ச நாளெல்லாம் வண்டிக்குத் தார்ப்பாய் போத்தி வெக்கணும்.

புழுதி உழவுக்கு கலப்பை. ஒம்பது கொத்துக் கலப்பைதான் கடைக்காரன் காட்டுவான், பாக்க நல்லா அகலமா இருக்கும். அத இழுக்க 35, 40 எச்.பி. வேணும். இருபது எச்.பி. வண்டிக்கு அஞ்சு கொத்துதான். ஒம்பத மாட்டினா ரெண்டுல ஒண்ணு நடக்கும். இஞ்சின் கரும்புகை கக்கி நிக்கும், இல்லாட்டி கொத்து மண்ணுல எறங்காம மேலாகக் கீறிட்டுப் போகும். ரெண்டாவது நடந்தா உனக்குத் தெரியவே தெரியாது. கடலை போட்டு, வேர் நாலு அங்குலத்துல மடங்கினப்போதான் தெரியும்.

ரோட்டவேட்டர்தான் எல்லாருக்கும் ஆசை. அது இழுவையில ஓடற சாமான் இல்ல, டிராக்டர் பின்னால சுத்தற தண்டு, பி.டி.ஓ.ன்னு சொல்லுவாங்க, அதுல சுத்தற சாமான். நிமிஷத்துக்கு 540 சுத்து. புத்தகத்துல பெருசா 24 எச்.பி.ன்னு போட்டிருப்பான். அது இஞ்சின்ல இருக்கற எச்.பி. பி.டி.ஓ. வரைக்கும் வந்து சேர்றது இருபது, இருபத்திரண்டுதான். அதப் பொடி எழுத்துல போட்டிருப்பான். நீ பொடி எழுத்த ஒண்டி படி. பதினஞ்சு, பதினெட்டு எச்.பி. வண்டிக்கு மூணடிக்குள்ள ரோட்டவேட்டர். 24லேருந்து 28 வரைக்கும் நாலடி. அஞ்சடிக்கு 35, 40. மண்ணு களியா இருந்தா இதுலயும் ஒரு படி கீழ எறங்கிக்க.

மூணடின்னா நேரம் ஆகுமேன்னு யோசிக்கிற. ஆகும். மணிக்கு ரெண்டரை, மூணு கிலோமீட்டர் வேகத்துல, திரும்பற நேரத்தையும் சேத்தா ஏக்கருக்கு ரெண்டு மணி நேரம். அஞ்சடி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல முடிச்சிடும். உன் நஞ்சைக்கு ஒரு மணி நேரம் கூட ஆனா இன்னா முழுகிப் போகுது? நீ அந்த மணி நேரத்துல இன்னா செய்யப் போற, போனத்தானே தேய்க்கப் போற.

எடைய மறக்காத. இது முக்கியம், காதக் குடு. அஞ்சடி ரோட்டவேட்டர் எடை நானூறு கிலோ பக்கத்துல வரும். பொடி டிராக்டர் மொத்த எடையே எண்ணூறு கிலோ. பின்னால அத தூக்கினா முன் சக்கரம் தரைய விட்டு எழும்பும். ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அது இஷ்டத்துக்குப் போகும். வரப்பு ஏர்றப்போ அப்படி ஆச்சுன்னா வண்டி பின்னால மல்லாந்துடும், ஓட்டறவன் அடியில. கிணத்தோரம்னா கேக்கவே வேணாம்.

ஆனா சேத்துல அந்தக் கம்மி எடையேதான் உனக்கு லாபம். மாசே 1035 இருக்கு பாரு, நம்ம மெட்ராஸ் டாஃபே 1960லேருந்து டிராக்டர் பொழப்புல இருக்கறவன், நல்ல வண்டி, 36 எச்.பி., குறை சொல்ல மாட்டேன். அது 1,700 கிலோ. உன் பள்ளத்துக் களியில அது ஒரு தடவை எறங்குச்சுன்னா இழுக்க இன்னொண்ணு வரணும், அத இழுக்க ஜே.சி.பி. வரணும். லேசான வண்டி, நாலு சக்கரமும் இழுக்குது, பின்னால கேஜ் வீல் இருக்குன்னா மேலாகவே நீந்திட்டு வந்துடும். கேஜ் வீல மாட்டிக்கினு தார் ரோட்டுல ஏறாத, அது ரோட்டக் கீறிடும். ஊராட்சித் தலைவர் உன் ஓட்ட ஏற்கெனவே கணக்குல வெச்சிருக்கார். ரோட்டு மேல கோடு போட்டு அதக் கெடுத்துக்காத.

அப்பால கீல். சிரிக்காத. நம்ம ஊரு கோயில் குதிரை வாகனம் ஏன் பேர் எடுத்துது? மரக்குதிரைதான், ஆனா கீல் வெச்சுப் பூட்டினதால நிஜக் குதிரை கணக்கா அசையும். செஞ்ச ஆசாரி இன்னொரு கோயிலுக்கு அப்படிச் செய்ய மாட்டேன்னு உயிரையே விட்டான்னு சொல்லுவாங்க. டிராக்டருக்கும் சூட்சுமம் கீல்லதான். பின்னால மூணு கை நீட்டிக்கினு இருக்கு பாரு, ஃபெர்குசன்னு அயர்லாந்துக்காரர் ஒருத்தர் 1920கள்ல கண்டுபிடிச்சது, இன்னி வரைக்கும் உலகம் பூரா அதுதான். அந்தக் கைக்குள்ள போற பின்னுக்கு அளவு இருக்கு. சின்ன டிராக்டருக்கு முதல் வகை, கீழ்ப்பின் 22 மில்லி. பெரிய டிராக்டருக்கு ரெண்டாம் வகை, 28 மில்லி. பக்கத்து ஊர்ல மலிவா கிடைச்சுதுன்னு பெரிய வண்டிக் கலப்பைய வாங்கியாந்தா பின்னு கைக்குள்ள நுழையாது. ஆளு வெல்டிங் பட்டறைக்குத் தூக்கினு ஓடுவான். பட்டறைக்காரன் 28 மில்லிப் பின்ன அறுத்துட்டு 22 மில்லி ஒண்ண ஒட்டித் தருவான். ஒட்டின பின்னு அறுந்து உழறப்ப கலப்பை ஒரு பக்கம் தொங்கும். ஆகையால டிராக்டர் வாங்கற இடத்துலயே கருவியையும் மாட்டச் சொல்லு, மாட்டித் தூக்கச் சொல்லு, கண்ணால பாரு.

புஞ்சைக்கு உளிக் கலப்பைன்னு ஒண்ணு சொல்லுவாங்க. வருஷக்கணக்கா ரோட்டவேட்டரே அடிச்சா மேல் மண்ணு மாவா இருக்கும், அதுக்குக் கீழ பலகை மாதிரி கட்டியாயிடும். மழைத் தண்ணி உள்ளே எறங்காது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை உளி போட்டு அத உடைக்கணும். அது பெரிய டிராக்டர் வேலை. மூணு வருஷத்துக்கு ஒரு வேலைக்கு யாராவது வண்டி வாங்குவானா? வாடகைக்குக் கூப்பிடு. நஞ்சையில ஒண்டி அதப் போட்டுடாத. அங்கே அந்தக் கெட்டிதான் தண்ணிய நிறுத்துது. உடைச்சா ஏரித் தண்ணி பூராவும் பாதாளத்துக்குப் போயிடும்.

டிரெய்லர் வேணுமா? குப்பை அடிக்க, வைக்கோல் ஏத்த வேணும்தான். சின்னதா, ஒண்ணு, ஒண்ணரை டன்னுக்குள்ள எடு. இழுத்துட முடியும்னு மூணு டன் ஏத்தாத. இழுக்கறது எச்.பி. வேலை, நிறுத்தறது எடை வேலை. ஏரிக்கரைச் சரிவுல எறங்கறப்போ எண்ணூறு கிலோ டிராக்டர மூணு டன் டிரெய்லர் பின்னாலேருந்து தள்ளிக்கினு போகும். விவசாயத்துக்குன்னு பதிஞ்ச வண்டியில வாடகைக்குச் செங்கல் ஏத்தினா, ஏதாவது ஆன அன்னிக்கு இன்சூரன்ஸ்காரன் ஆர்.சி. புக்க ரெண்டு தடவை திருப்பிப் பாப்பான். முன்னால மண்ணு அள்ற வாளிய எல்லாம் யூட்யூப்ல பாத்திருப்ப. அது வெள்ளைக்காரன் குதிரைச் சாணி அள்ள வாங்கறது. உன் வீட்டுல ரெண்டு மாடுதான், உங்கம்மா கூடையிலயே அள்ளிடும்.

இப்போ பணம். நோட்டு எடுத்தியா? எழுது.

நஞ்சை ரெண்டு போகம், சின்ன வண்டியில எப்படி இழுத்தாலும் இருபது மணி நேரம். புஞ்சை பத்து மணி. தென்னங்கொல்லை நாலஞ்சு மணி. குப்பை, வைக்கோல் எல்லாம் இருபது மணி. தாராளமா போட்டாலும் வருஷத்துக்கு அறுபது மணி நேரம். டிராக்டர் செலவுக் கணக்கு போடற இஞ்சினியர்கள் வருஷத்துக்கு 1,000 மணி ஓடும்னு வெச்சுத்தான் கணக்கே போடறாங்க. நீ அதுல நூத்துல ஆறு பங்குதான். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு டிராக்டர் அனுப்புது, இ-வாடகைன்னு போன்லயே பதியலாம். மணிக்கு 500 ரூபாய்னே வெச்சுக்க. அறுபது மணிக்கு 30,000. தனியார் வண்டி அதுக்கு ரெண்டு பங்கு கேட்டாலும் அஞ்சடி ரோட்டவேட்டர்ல பாதி நேரத்துல முடிச்சுட்டுப் போயிடுவான், அப்பவும் அதே 30,000. நீ வாங்கப்போற கடன் அஞ்சு லட்சம், வட்டி பத்து சதம்னு போட்டா மொத வருஷ வட்டியே 50,000. டீசல் போடல. ஆயில் மாத்தல. டயர் தேயல. வண்டி நகரவே இல்ல. சும்மா நிக்கறதுக்கே அவ்ளோ.

அப்போ யாருமே வாங்கக்கூடாதான்னு கேக்கற. கேள்வி நல்லாருக்கு. ஐப்பசியில மழை பிடிச்சு ஏரி ரொம்பினா ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல சேடை ஓட்டணும். அப்போ துறை வண்டிக்கு வரிசை, தனியார் வண்டிக்கு மரியாதை. "நாளைக்கு வரேண்ணே"ன்னு சொன்னவன் நாத்து முத்தின அப்பால வருவான். பள்ளத்து நிலத்துக்குள்ள பெரிய வண்டி வர வழியே இல்லன்னாலும் சொந்த வண்டிக்கு நியாயம் உண்டு. புஞ்சையக் காய்கறிக்கு மாத்தி மாசம் ஒரு தடவை களை ஓட்டற ஆளா இருந்தாலும் உண்டு. இல்லாட்டி பெரியவன், சின்னவன், நீ, மூணு பங்காளியும் சேந்து ஒண்ணு வாங்குங்க. ஏழெட்டு ஏக்கர் ஆச்சு. இன்னா, மூஞ்சி சுருங்குது? பேச்சுவார்த்தை இல்லையா? பொங்கலுக்குச் சேத்து வெக்கறேன்.

அதுக்கும் முன்னால பவர் டில்லர்னு ஒண்ணு இருக்கு. பன்னெண்டு, பதிமூணு எச்.பி. கேரளாவுல கம்கோன்னு அரசாங்கமே பண்ணுது, வி.எஸ்.டி.யும் இருக்கு. சேத்துல அதுக்கு ஈடு இல்ல. மூலை வரைக்கும் போகும், வரப்பத் தாண்டும், பங்காளி நிலத்துல ஓரமா ஓட்டிக்கினு போயிடலாம். விலையும் டிராக்டர்ல பாதிக்குக் கீழ. ஒரே குறை, பின்னாலயே நடக்கணும். மேல உக்காந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட முடியாது. உன் வயசுக்கு அது பெரிய குறைதான், ஒத்துக்கறேன்.

மானியமா? இருக்கு. 2014-15லேருந்து மத்திய, மாநில அரசு சேந்து குடுக்கற இயந்திரமயமாக்கல் திட்டம். சிறு, குறு விவசாயி, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிக்கு 50 சதம், மத்தவங்களுக்கு 40 சதம், ரெண்டுக்கும் உச்ச வரம்பு உண்டு. மொதல்ல பதியணும், அனுமதி வரணும், அப்பாலதான் வாங்கணும். "இப்போ எடுத்துக்கங்க சார், மானியம் பின்னால வந்துடும்"னு கடையில சொன்னா எழுந்து வந்துடு. வறுத்த பயறு முளைக்கறது நம்ம மரகதவல்லித் தாயார் சன்னதியில. ஷோரூம்ல முளைக்காது.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22லேருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லேருந்து 5 சதமா குறைஞ்சுது. உதிரி பாகத்துக்கும் கொறைஞ்சுது. ஷோரூம்காரன் அதத் தன் கைக்காசு போட்டுத் தள்ளுபடி தர்ற மாதிரி சொல்லுவான். "அது அரசாங்கம் குடுத்தது, நீ இன்னா குடுக்கற?"ன்னு கேளு. கேக்கறதுக்குக் கூச்சப்படாத. இந்த ஊர்லதான் ராமானுஜர் சின்ன வயசுல யாதவப் பிரகாசர்கிட்ட பாடம் படிச்சார். குரு சொன்ன அர்த்தம் சரியில்லன்னு நேருக்கு நேரா சொன்ன பிள்ளை. அந்த மண்ணுல பொறந்துட்டு நீ சேல்ஸ்மேன் முன்னால தலையாட்டினா ஊருக்கே கேவலம். பி.டி.ஓ. எச்.பி. எவ்ளோ, வெறும் வண்டி எடை எவ்ளோ, லிஃப்ட் எத்தினி கிலோ தூக்கும், காஞ்சிபுரத்துலயே கிளட்ச் பிளேட் கிடைக்குமா, இல்ல மெட்ராஸ்லேருந்து வரணுமா, சீசன்ல மெக்கானிக் எத்தினி நாள்ல வருவான், எல்லாம் கேளு. டெமோ உன் நிலத்துல காட்டச் சொல்லு, அதுவும் தண்ணி கட்டின செய்யில. தார் ரோட்டுல ஒரு ரவுண்டு அடிக்கறது டெமோ இல்ல, ஊர்கோலம்.

பழைய வண்டி வாங்கறதா இருந்தாலும் தப்பில்ல. காலையில இஞ்சின் சூடாகறதுக்கு முன்னால போ. முன்னாலயே ஓட்டி சூடேத்தி வெச்சிருந்தா ஏதோ மறைக்கறான். பின்னால கலப்பைய மாட்டித் தூக்கி, இஞ்சின நிறுத்திட்டு, அவன் வீட்டு மோர வாங்கிக் குடி. மோர் முடியறதுக்குள்ள கலப்பை தரைக்கு எறங்கிட்டா ஹைட்ராலிக் செலவு உன் தலையில. மணி காட்டற மீட்டர நம்பாத, பெடல் தேய்மானத்தப் பாரு. ஆர்.சி.யில பேங்க் பேர் அடிச்சாச்சான்னு பாரு.

வாங்கின அப்பால ரெண்டே ரெண்டு விஷயத்துல நான் கிண்டல் பண்ண மாட்டேன். பி.டி.ஓ. ஷாஃப்ட் மேல இருக்கற பிளாஸ்டிக் உறைய கழட்டித் தூக்கிப் போடாத. வேட்டி நுனி, துண்டு, உங்கம்மா சேலைத் தலைப்பு, எது மாட்டினாலும் 540 சுத்து ஆளையே சுருட்டிடும், கை நீட்டி நிறுத்த நேரம் இருக்காது. மட்கார்டு மேல புள்ளைங்கள உக்கார வெச்சு ரோட்டவேட்டர் ஓட்டாத. எவன் கேட்டாலும், அழுதாலும், உக்கார வெக்காத.

இப்போ போ, நேரமாச்சு. ரெண்டு போகம் வாடகைக்கு ஓட்டி, எந்த நிலத்துக்கு எத்தினி மணி ஆச்சு, எத்தினி நாள் வண்டிக்குக் காத்திருந்தேன்னு நோட்டுல எழுது. அதுக்கு மேலயும் ஆசை தீரலன்னா 24 எச்.பி.க்குள்ள ஒரு ஃபோர் வீல் டிரைவ், அதுக்கு நாலடிக்கு மிஞ்சாத ரோட்டவேட்டர், அஞ்சு கொத்துக் கலப்பை, கேஜ் வீல். அதுக்கு மேல ஒரு சாமானும் வாங்காத.

ஞாயித்துக்கிழமை நாடா எடுத்துக்கினு வா, பங்காளி வரப்ப அளக்கலாம். பெரியவன்கிட்ட நான் பேசிக்கறேன், நீ வாயத் திறக்காத. தவறித் திறந்தாலும் "மாட்டு வண்டி போற அளவுக்கு"ன்னு ஒண்டி சொல்லு. டிராக்டர்ங்கற பேச்ச எடுத்தா, அந்தாளு பாதையையே சென்ட் கணக்குல விலை பேசுவான்.